கன்ரர் லொறியின் எஞ்சின் ஓய்ந்தால்: செய்வதா, மாற்றுவதா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தது. ஆனால் வரியும் சேர்ந்து வருகிற விலை சின்ன வியாபாரிக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. அதனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எண்பதுகளில், தொண்ணூறுகளில் ஜப்பானில் பூட்டிய கன்ரர், எல்ஃப், டைனா லொறிகள்தான் இன்றைக்கும் நெல்லும் மீனும் சீமெந்தும் சுமக்கின்றன. சேஸி நல்லது, கபின் நல்லது, எஞ்சின் மட்டும் ஓய்ந்துவிட்டது என்று நிற்கும் லொறிகளை ஏறாவூரில் இருந்து அக்கரைப்பற்று வரை எந்தக் கராஜிலும் பார்க்கலாம். அவற்றின் சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். உள்ள எஞ்சினையே திருத்திச் செய்வதா, ஜப்பானில் கழற்றி வந்த இன்னொன்றை இறக்குவதா, இல்லை பெரிய எஞ்சினாகப் பார்த்துப் போடுவதா?

நான் இங்கே கன்ரரின் 4டி31 எஞ்சினை வைத்துப் பேசுகிறேன். நான்கு சிலிண்டர், 100 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 105 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 3298 சிசி. டர்போ இல்லை, கணினி இல்லை. டைமிங் பெல்ட்டும் இல்லை, எல்லாம் கியர். எல்ஃபின் 3268 சிசி 4பிசி2, டைனாவின் 3660 சிசி 14பி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். ஓட்டமும் நம் பக்கத்து ஓட்டம்: வாழைச்சேனையில் மீன் ஏற்றிக் கல்முனை வரை, வெல்லாவெளியில் நெல் ஏற்றி ஆலைக்கு, இடைக்கிடை தம்புள்ளைக்கு மரக்கறி எடுக்க. விழாவுக்கு எடுத்துப் போகிற லொறி இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளொக்கும் (சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அளவில் தேறினால், லொறியோடு வந்த பிறவி எஞ்சினையே செய்யுங்கள். தேறாவிட்டால் மட்டும் ஜப்பான் எஞ்சினைத் தேடுங்கள். தினமும் ஓட வேண்டிய லொறிக்குப் பெரிய எஞ்சினும் டர்போவும் வேண்டாம்.

முதலில் அளவு

புகையைக் கண்டதும் "எஞ்சின் போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் காசு தின்னும் பழக்கம். கறுப்புப் புகை என்றால் டீசல் கூடிவிட்டது, அல்லது காற்றுக் குறைந்துவிட்டது. எயார் ஃபில்டர், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நொஸில், டீசல் பம்ப் மூன்றையும் பார்த்த பிறகே எஞ்சினைக் கை வைக்க வேண்டும். காலையில் வெள்ளைப் புகை வந்து சூடானதும் நின்றால் எரியாத டீசல். சூடான பிறகும் வெள்ளையாக வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. நீலப் புகையோடு ஒயில் குறைந்தால்தான் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), போர், வால்வு கைட் (வால்வு ஏறி இறங்கும் குழாய்) பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

அடுத்தது கொம்பிரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்ப்பது. நொஸிலைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கேஜைப் பூட்டி, நல்ல பற்றரியோடு எஞ்சினைச் சுற்ற வேண்டும். ஆரோக்கியமான டீசல் எஞ்சின் 25 முதல் 30 பார் வரை காட்டும். நான்கு சிலிண்டரும் ஒரேயளவு குறைந்திருந்தால் வயதால் வந்த தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒன்றுக்குத் தனிக் காரணம் உண்டு. சூடான எஞ்சின் ஐட்லில் ஓடும்போது ஒயில் பிரஷரையும் கேஜ் வைத்துப் பாருங்கள். டாஷ்போர்ட்டின் சிவப்பு லைட்டை நம்ப வேண்டாம். அது எரியும் நேரத்தில் பெயாரிங் போயிருக்கும்.

எஞ்சினைத் திறந்துவிட்டால் பேச்சு முழுக்க மில்லிமீற்றரில் இருக்க வேண்டும். போர் கேஜைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்தில் இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்புகிற இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். அந்த இடத்தில் 0.15 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் ரிங் மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பது என் கணக்கு. புது ரிங் பழைய முட்டை வடிவச் சிலிண்டரில் உட்காராது. சில மாதத்தில் மறுபடியும் ஒயில் குடிக்கும்.

கல்முனைப் பக்கத்தில் ஒரு வயதான லேத்காரர் சொன்ன வார்த்தையை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. "மனே, பழைய பிஸ்டன எறிஞ்சிராத. எஞ்சினுக்கு என்ன நடந்த எண்டு அதுதான் சொல்லும்." அது முழு உண்மை. பிஸ்டனைச் சுற்றிலும் மங்கலான நெடுங்கோடுகள், மேல் ரிங் கத்தி போல மெலிந்திருக்கிறது என்றால் தூசி தின்ற எஞ்சின். பிஸ்டன் பின் (pin) கோர்க்கும் துவாரத்தின் இரு பக்கங்களிலும் நான்கு மூலையில் உரசல் என்றால் சூடேறி இறுகிய எஞ்சின். பிஸ்டன் தலையில் ஓரிடம் அரித்துப் போயிருந்தால் நொஸில் சொட்டியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டனைப் போட்டால் அதே காரணம் அதையும் தின்னும். ஜப்பான் எஞ்சினை இறக்கினாலும் இதே விதிதான். ரேடியேட்டரும் எயார் ஃபில்டர் குழாயும் பழையவைதானே.

பிறவி எஞ்சினைச் செய்வது

இதில் இரண்டு தரம் உண்டு. ரிங், பெயாரிங் மட்டும் மாற்றி, ஹெட்டைத் துப்புரவாக்கிப் பூட்டுவது ஒன்று. போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, அல்லது ஸ்லீவ் (சிலிண்டரின் உள்ளுறை) மாற்றி, கிராங் அரைத்து, ஹெட்டை முழுதாகச் செய்வது மற்றது. விற்பதற்காகச் செய்கிறவர்கள் முதலாவதைச் செய்வார்கள். வைத்து ஓட்டப் போகிறவர், அளவு முதலாவதற்கு இடம் தந்தால் ஒழிய, இரண்டாவதைத்தான் செய்ய வேண்டும்.

வேலையின் ஒழுங்கு முக்கியம். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிஸ்டனை அளந்து, அதற்குரிய இடைவெளி விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று மில்லிமீற்றரிலும், பழைய லேத்துகளில் பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றும் சொல்வார்கள். தேவைக்கு மேல் பெரிதாக வெட்டாமல், தேறுகிற மிகச் சின்ன ஓவர்சைஸிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கிற இரும்புதான் அடுத்த முறைக்கான சேமிப்பு. ஹோனிங் செய்த (கல்லால் உரசிய) குறுக்குக் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கோடுதான் ஒயிலைப் பிடித்து வைத்திருக்கும்.

ஹோனிங் முடிந்ததும் டீசல் ஊற்றிக் கழுவுவது பல இடங்களில் வழக்கம். டீசல் அந்த அரைத்தூளை வெளியே எடுக்காது, கோட்டுக்குள்ளேயே விட்டுவிடும். சுடுநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி அழுக்காகக் கூடாது. பிறகு உடனே ஒயில் பூச வேண்டும், கடற்கரைக் காற்றில் ஒரு மணி நேரத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். புதிதாகச் செய்த எஞ்சின் எத்தனை ஆண்டு ஓடும் என்பதை இந்தக் கழுவல் தீர்மானிக்கிறது. அங்கே நின்று பாருங்கள்.

கிராங்கைப் பற்றி இரண்டு விஷயம். அரைக்கும் முன் வெடிப்புச் சோதனை, அரைத்த பின் ஜேர்னலின் (பெயாரிங் உட்காரும் கழுத்து) ஓரத்தில் உள்ள வளைவு காப்பாற்றப்பட்டிருக்கிறதா என்ற சோதனை. அந்த வளைவைக் கூரிய மூலையாக வெட்டிவிட்டால் கிராங் அங்கேதான் முறியும். கிராங் கிரைண்டிங் வசதி எல்லா லேத்திலும் இருக்காது, வெளியூருக்கு அனுப்ப நேரலாம். அனுப்பும்போது ஒயில் துவார அடைப்புகளைக் கழற்றி உள்ளே கழுவித் தரச் சொல்ல மறக்க வேண்டாம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சோதனை, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒவ்வொரு மாரியிலும் ஏதோ ஒரு வீதியில் தண்ணீர் ஏறுகிறது. வெள்ளத்துக்குள் ஓட்டிய லொறியில் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், தண்ணீர் நசுங்காது, கொன்ரொட்தான் வளையும். சிறிதாக வளைந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சிலிண்டரில் மட்டும் கொம்பிரஷன் குறைந்திருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது நான்கின் உயரத்தையும் அளந்தால் அது உடனே தெரியும்.

ஹெட்டில் வால்வு சீற்றுகளுக்கு இடையே வெடிப்புப் பார்ப்பது, வால்வு கைட் ஆட்டம், தட்டையா என்று நேர்கோல் வைத்துப் பார்ப்பது. இவை எல்லோரும் செய்கிறவைதான். விட்டுவிடுகிறது பம்பும் நொஸிலும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கானில் நாள் கணக்காக வைத்த டீசலோ மண்ணெண்ணெய் கலந்ததோ ஓடியிருந்தால் பம்ப் எலிமென்ட் (டீசலை அழுத்தும் உள்பாகம்) தேய்ந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பம்பை வழுக்கவைப்பது டீசல்தான். எஞ்சின் லேத்தில் இருக்கும் அதே வாரத்தில் பம்பையும் நான்கு நொஸிலையும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்கள்.

இந்த வழியின் பலம் இது: எஞ்சின் எண் மாறாது. மவுண்ட், கிளட்ச், கியர் பொக்ஸ், வயரிங் எல்லாம் அப்படியே பொருந்தும். உள்ளே போன ஒவ்வொன்றும் உங்கள் கண் முன்னால் போனது. பலவீனம் நேரம். லேத் வரிசை, பாகத்துக்குக் காத்திருத்தல், அரைக்கப் போன கிராங் திரும்பி வருதல். பெரும்போக அறுவடைக்கு முந்திய வாரம் எஞ்சினைத் திறந்தவர் அந்தப் போகத்தை இழக்கலாம். இன்னொரு ஆபத்து, பெட்டியில் பெயர் இருக்கிற நகல் பிஸ்டனும் ரிங்கும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளியை அளந்தாலே பாதி நகல் மாட்டிக்கொள்ளும். 100 மி.மீ. போரில் முதல் ரிங்கின் இடைவெளி 0.30 முதல் 0.50 மி.மீ. வட்டாரத்தில் இருக்க வேண்டும்.

ஜப்பானில் கழற்றிய எஞ்சின்

வேகத்தில் இதை எதுவும் வெல்லாது. பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பார்த்து, லொறியில் ஏற்றி, சில நாளில் பூட்டி ஓட்டலாம். ஜப்பானில் நல்ல ஒயிலும் நல்ல ஃபில்டரும் பார்த்த எஞ்சின் என்றால் உள்ளே உண்மையிலேயே நன்றாக இருக்கும். ப்ளொக் வெடித்தவர், கொன்ரொட் உடைந்து ப்ளொக்கைத் துளைத்தவர், கிராங் கடைசி அண்டர்சைஸையும் (அரைத்துக் குறைக்கக்கூடிய கடைசி அளவு) தாண்டியவர் ஆகியோருக்கு இதுதான் சரியான வழி. அவர்களிடம் பிறவி எஞ்சினைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மற்றவர்களுக்கு நான் தயங்குவதற்குக் காரணம், அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே சில்வர் பெயின்ட் அடித்து அழகாக நிற்கும். நீங்கள் நூறு சதவீதம் அறிந்த தேய்மானத்தைக் கொடுத்துவிட்டு, அறியாத தேய்மானத்தை வாங்குகிறீர்கள். வாங்குவதானால் கடைக்காரர் முன்னாலேயே கொம்பிரஷன் பாருங்கள். அடியில் ஒயில் தங்கும் சம்பைக் கழற்றி ஒரு கொன்ரொட் பெயாரிங்கையாவது திறந்து பாருங்கள். செம்பு நிறம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். நொஸில் துவாரத்திலும் எக்ஸோஸ்ட் வாயிலிலும் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் வாய் திறந்து கிடந்த எஞ்சினின் மேல் சிலிண்டர் சுவரில் துருக்குழி விழுந்திருக்கும்.

இறக்கிய பிறகும் ஒயில் சீல்கள், வோட்டர் பம்ப், கேஸ்கட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும், காரணம் ரப்பர் கிடந்தே இறுகிப்போகும். அதைச் செய்யாமல் பூட்டி, பின் சீல் ஒழுகி, கியர் பொக்ஸை மறுபடி இறக்கியவர்கள் நிறையப் பேர். அப்புறம் பத்திர விஷயம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். அதற்கான இறக்குமதிப் பத்திரமும் ரசீதும் கையில் வராமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். எண் பொருந்தாத லொறியை விற்பதும் கஷ்டம், விபத்து நடந்தால் காப்புறுதிக்குப் பதில் சொல்வதும் கஷ்டம்.

பெரிய எஞ்சின், டர்போ

4டி31இன் குடும்பத்திலேயே 3567 சிசி 4டி32உம் 4214 சிசி 4டி33உம் இருக்கின்றன. அதனால் ஆசை வருவது இயல்பு. மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் சுமையோடு ஏறும்போது அந்த மேலதிக சிசியின் அருமை தெரியும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் தினசரி ஓட்டம் எங்கே? மட்டக்களப்பில் இருந்து கல்முனை வரை கடலோரமாகப் போகும் ஏ4 வீதி தட்டையானது. அங்கே 3298 சிசி எதற்கும் குறைவில்லை. பெரிய எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டர், பெரிய கிளட்ச் வேண்டும். கியர் பொக்ஸும் டிஃபெரன்ஷலும் பழைய பலத்துக்கு அளந்து செய்தவை. அவற்றில் ஒன்று போனால் மிச்சப்படுத்திய நேரம் எல்லாம் அதில் போய்விடும். கண்டிப் பக்கம் வாரா வாரம் போகிறவர் மட்டும் 4டி32, 4டி33 பற்றி யோசிக்கலாம், அதுவும் கியர் பொக்ஸோடு சேர்த்து ஒரே செற்றாகக் கிடைத்தால்.

டர்போ இல்லாத எஞ்சினில் டர்போ பூட்டுவதற்கு என் பதில் இல்லை என்பதுதான். தொழிற்சாலையில் இருந்தே டர்போவோடு வரும் எஞ்சினுக்குப் பிஸ்டன் வேறு, அடியில் இருந்து ஒயில் பீச்சிக் குளிரவைக்கும் ஏற்பாடு வேறு, காற்றழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் வேறு. இவை இல்லாமல் காற்றை மட்டும் அழுத்தி, டீசலையும் கூட்டினால் எக்ஸோஸ்ட் வெப்பம் ஏறும். நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் தலை உருகும் வரை டிரைவருக்கு எதுவும் தெரியாது.

லொறியை விற்றுவிட்டுச் சின்ன வாகனம் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு வரி. நம் ஊரில் டிமோ பட்டா என்று அழைக்கிற டாடா ஏஸ் 702 சிசி, இரண்டு சிலிண்டர். கடைச் சாமானுக்கும் குறைந்த மீனுக்கும் அருமையான வண்டி, நெல் மூட்டைக்கு அல்ல.

பிறவி எஞ்சினில் எதைக் கூட்டுவது

பெரிய எஞ்சினுக்குப் போகிற காசில் ஒரு பகுதியைக் குளிரூட்டலுக்கும் காற்றுக்கும் போட்டால் அந்த லொறி வேறு லொறியாகிவிடும். இதைத்தான் நான் உண்மையான தரமுயர்த்தல் என்பேன்.

முதலில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தடுக்கும் வால்வு. "எங்கட வெயிலுக்கு இது தேவையில்ல" என்று கழற்றி எறிவது நம் கராஜ்களில் ஊறிப்போன பழக்கம். அது இல்லாமல் தட்டை வீதியில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. சூடு வராத எஞ்சினில் எரியாத டீசல் ஒயிலில் கலக்கும், ரிங்கும் போரும் சீக்கிரம் தேயும். அதைவிட முக்கியம், பைபாஸ் உள்ள எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குறுக்கு வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்புகிறது. தட்டையில் குளிர்ந்து, ஏற்றத்தில் கொதிக்கிற லொறிகளில் இதை முதலில் பாருங்கள். 82 டிகிரியில் திறக்கும் ஒன்றை வாங்கிச் சுடுநீரில் போட்டுச் சோதித்துப் பூட்டினால் போதும்.

அடுத்து ரேடியேட்டர். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் ப்ளொக்கின் உள்ளே படியும். வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். மழைநீர் பிடித்து வைத்தாலும் நல்லது. எஞ்சின் செய்யும்போதே ரேடியேட்டர் கோரைப் புதிதாக்கிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் செட்டைகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் அது வெளியே வரும். முன்பக்கம் இருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும்.

காற்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கிரவல் வீதியில் பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோக அறுவடை நேரமும் ஓடுகிற லொறிக்கு எதிரி தூசிதான். ஃபில்டரை மாற்றுகிறோம், ஃபில்டருக்கும் மனிஃபோல்டுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைப் பார்ப்பதில்லை. கிளிப்பைக் கழற்றி அந்தக் குழாயின் உள்ளே விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் தூசி ஒட்டினால், வெடித்த குழாய் வழியாகவோ இறுகாத ஃபில்டர் வழியாகவோ மண் நேரே சிலிண்டருக்குப் போகிறது. சின்ன விலைக்குக் குழாயும் இரண்டு நல்ல கிளிப்பும் போடுவது, செய்த போரைக் காப்பாற்றும். குழாயின் வாயைக் கபின் பின்னால் உயரமாக எடுத்துவிட்டால் தூசியும் குறையும், மாரி வெள்ளத்துக்கும் காவல்.

ஒயில் பிரஷருக்கும் தண்ணீர் சூட்டுக்கும் முள் காட்டுகிற நல்ல கேஜ் இரண்டு பூட்டுங்கள். டீசல் வழியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைச் சேருங்கள். ஒயில் 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். இவ்வளவுதான், வேறு அலங்காரம் வேண்டாம்.

பூட்டிய பிறகு

செய்த எஞ்சினைக் காலையில் இருந்து மாலை வரை ஐட்லில் ஓடவிட்டு ரன்னிங் இன் என்கிறார்கள். சுமை இல்லாமல் ஓடினால் ரிங் சுவரோடு அழுந்தாது. ஹோனிங் கோட்டின் மேல் பளிங்கு போல ஒரு படலம் ஏறி, அதன் பிறகு ரிங் எப்போதுமே உட்காராது. ஸ்டார்ட் செய்து, ஒழுக்கும் பிரஷரும் பார்த்து, சூடானதும் வீதிக்கு எடுங்கள். அரைச் சுமை வரை ஏற்றலாம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்க வேண்டாம். 500 கி.மீ.யில் ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து உள்ளே மினுங்கும் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். 1000 கி.மீ.யில் வால்வு இடைவெளியை மறுபடி சரிசெய்து, இரண்டாவது ஒயில் மாற்றம்.

புகைப் பரிசோதனைக்குத் தேதி நெருங்கியிருந்தால் இந்த 1000 முடிந்த பிறகு போங்கள். அங்கே டீசல் வாகனத்தை நிறுத்திய இடத்திலேயே முழு ஆக்ஸிலேட்டர் மிதித்துப் பார்ப்பார்கள். ரிங் இன்னும் படியாத எஞ்சினுக்கு அது நல்லதில்லை. வருமான அனுமதிப்பத்திரம் முடிகிற மாதத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினைத் திறக்கிற மாதத்தைத் தீர்மானியுங்கள். பெரும்போக நெல் ஏற்றி முடிந்த ஏப்ரலும், சிறுபோகம் தொடங்கி வயல் பச்சையாக நிற்கிற மே, ஜூனும் நம் பக்கத்தில் அதற்கு வசதியான காலம்.